ஆடாம நில்லுங்க

முதல் நாள்: பாரிஸ், ரெபுப்ளிக் சதுக்கம்

மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு ஃபிலிம் ரோல். 36 படம். ஏழு நாளுக்கு அது தாராளம் என்கிறார். நான் இன்று மதியத்துக்குள்ளேயே போனில் 110 எடுத்துவிட்டேன். அதில் பாதி எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாமா நாற்பது வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், குரூப் போட்டோ, பழுப்பேறிய தாத்தா படத்தை டச்சிங் செய்து புதிதாக்குவது, எல்லாம் பார்த்தவர். கடையை மூடியபிறகு கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பெயர்பெற்ற படங்கள் எடுக்கப்பட்ட இடங்களுக்குப் போய், எடுத்தவர் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அருங்காட்சியகத்தில் படத்தைப் பார்ப்பது வேறு, இது வேறு. கூட வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "வர்றேன். ஆனா அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

விமான நிலையத்திலேயே அவசரப்படுத்த வேண்டியதாயிற்று. ஃபிலிமை எக்ஸ்ரேக்குள் விட மாட்டேன், கையால் சோதியுங்கள் என்று நின்றுவிட்டார். எங்கள் பின்னால் வரிசை. அந்தச் சிறு டப்பாவைக் காவலர் திறந்து, முகர்ந்து, மூடிக் கொடுக்கும்வரை அசையவில்லை. நியாயம்தான், இப்போதைய ஸ்கேனர்கள் ஃபிலிமில் புகை படிந்ததுபோல ஆக்கிவிடும்.

இன்று காலை அறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பென்டாக்ஸ் கே-1000இன் பின்கதவைத் திறந்து ரோலைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு.

"கல்யாண மண்டபத்துல கரண்ட் போனப்பவே போட்டிருக்கேன். கண்ணு எதுக்கு?"

கதவைச் சாத்தி, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இரண்டு முறை இழுத்து, மேலே எண் காட்டும் சின்ன வட்டத்தை என்னிடம் நீட்டினார். ரெடி.

ரெபுப்ளிக் சதுக்கத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பூட்ஸ். 1838இல் லூயி டாகேர் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார். டயோராமா என்ற பெரிய ஓவியக் காட்சிக் கூடம் நடத்தினார். அதன் மாடி ஜன்னலிலிருந்து ஒரு காலை எட்டு மணிக்கு, கீழே தெரிந்த புல்வார் து தாம்ப்ள் சாலையை, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பிடித்தார். வண்டியும் குதிரையும் ஆளுமாக நிறைந்து கிடந்த சாலை. படத்தில் அது வெறிச்சோடிக் கிடக்கிறது. பல நிமிடங்கள் திறந்து வைத்த தகட்டில் நகர்ந்தது எதுவும் பதியவில்லை. இடது ஓரத்தில் ஓர் ஆள் மட்டும் பதிந்திருக்கிறார். ஒரு காலைத் தூக்கி வைத்துப் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தவர். நமக்குத் தெரிந்தவரை புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் அவர்தான். பெயர் யாருக்கும் தெரியாது. தான் அங்கே பதிந்தது அவருக்கும் தெரியாது.

அந்த டயோராமா இப்போது இல்லை, 1839 மார்ச்சில் எரிந்துவிட்டது. தந்தி கண்ட சாமுவேல் மோர்ஸ் அப்போது பாரிஸில் இருந்தார். டாகேர் தன் தகடுகளை அவருக்குக் காட்டினார். மறுநாள் மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்க டாகேர் போயிருந்த நேரத்தில்தான் தீப்பிடித்தது. பிறகு சாலையையும் வெட்டி, இடித்து, இந்தச் சதுக்கமாக்கிவிட்டார்கள். ஆகவே அந்த ஜன்னல் நின்ற இடம் என்று நாங்கள் அண்ணாந்து பார்த்தது வெறும் ஆகாயத்தை. போதாக்குறைக்கு, டாகேரின் தகட்டில் இடம் வலமாகத்தான் விழும். கையில் வைத்திருந்த படத்தை நான் இரண்டு தரம் திருப்பிப் பிடித்தும் திசை பிடிபடவில்லை.

மாமா படத்தை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ஆளைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. கீழ குனிஞ்சு ஒருத்தன் தொடைக்கிறான் பாரு. அவன் கை ஆடிக்கிட்டே இருந்திருக்கும், அதான் அவன் சரியா விழல. அவன் ஒழுங்கா வேலை செஞ்சதாலதான் இவன் நின்னான்."

நான் எத்தனையோ முறை இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். குனிந்தவனைப் பார்த்ததில்லை.

இரவு பத்தாகப் போகிறது, இன்னும் வெளிச்சம் போகவில்லை. மாமாவின் கணக்கு: 4.

இரண்டாம் நாள்: சேன்-லூ-த-வாரென்

ஷாலோன்-சுர்-சோனுக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் டாக்சியில். கிராமம் என்று சொல்லலாம், சாலையின் இருபுறமும் கொஞ்சம் வீடு. சாலையோரத்தில் ஒரு நினைவுக் கல். இந்த ஊரில் நிசெஃபோர் நியெப்ஸ் 1822இல் புகைப்படத்தைக் கண்டுபிடித்தார் என்று பிரெஞ்சில் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். லாரிகள் அதைக் கடந்து விரைகின்றன.

நியெப்ஸின் வீடு கோடையில் திறந்திருக்கும். மரப்படி ஏறினால் மேல்மாடியில் அந்த அறை, அந்த ஜன்னல். "அந்த" என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டைப் பின்னாளில் மாற்றிக் கட்டியபோது ஜன்னல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. சுவரை ஆராய்ந்து பழைய இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே, படத்திலிருக்கும் புறாக் கூண்டுக் கோபுரமும் சரிந்த கூரையும் இல்லை. புல்வெளியும் மரங்களும்தான்.

1826இலோ 1827இலோ எடுத்த படம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த 16க்கு 20 சென்டிமீட்டர் தகடு. அதில் ஜூடேயா நிலக்கீலைப் பூசி, கேமராப் பெட்டிக்குள் வைத்து, ஜன்னலில் நிறுத்திவிட்டார். வெயில் பட்ட இடத்தில் கீல் இறுகும், படாத இடம் இளகியே இருக்கும். லாவெண்டர் எண்ணெய் கலந்த கரைசலில் கழுவினால் இளகியது போய்விடும், இறுகியது நிற்கும். அதுதான் படம். எட்டு மணி நேரம் வைத்திருப்பார் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அதே முறையில் மறுபடி செய்து பார்த்தவர்கள், இல்லை, சில நாட்களே ஆகியிருக்கும் என்கிறார்கள். படத்தில் இடப்பக்கச் சுவரிலும் வெயில், வலப்பக்கச் சுவரிலும் வெயில். காலையும் மாலையும் ஒரே தகட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

மாமா ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றி நின்றார். "எட்டு மணி நேரமா! நான் எட்டு செகண்டு ஆடாம நில்லுங்கன்னா அதுக்கே பொண்ணோட சித்தப்பாவுக்குத் தும்மல் வரும்."

அப்புறம், கொஞ்ச நேரம் கழித்து: "வீட்டுல திட்டியிருப்பாங்க. ஜன்னலச் சாத்தாதீங்க, கிட்ட வராதீங்கன்னு நாள் முழுக்க. குளிர் காலமா இருந்தா என்ன ஆகும்?"

நான் அந்தப் படத்தை எப்போதும் ஒரு சாதனையாக மட்டுமே நினைத்திருந்தேன். மாமா அதை ஒரு வீட்டுத் தொந்தரவாகப் பார்க்கிறார். சாத்த முடியாத ஒரு ஜன்னல். நியெப்ஸின் மனைவி அந்த அறைக்குள் எதையாவது எடுக்க வந்து, கால் விரலில் நடந்து திரும்பியிருப்பாரோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது. (ஆதாரம் கேட்காதீர்கள், இது மாமாவும் நானும் கட்டிய கதை.)

அந்தத் தகடு இங்கே இல்லை. 1827இல் அண்ணனைப் பார்க்க இங்கிலாந்து போனபோது நியெப்ஸ் அதைக் கையோடு கொண்டுபோனார். செய்முறையை முழுதாகச் சொல்ல மறுத்ததால் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அதை ஏற்கவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். கைமாறி, மறந்து, ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்ததை 1952இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் என்ற வரலாற்றாசிரியர் தேடிப் பிடித்தார். 1963 முதல் அது அமெரிக்காவில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில்.

நேற்று ஒன்று தப்பாக எழுதிவிட்டேன். மாமா லீவரை இழுத்தது மூன்று முறையாம். "ரெண்டு தரம்னு போட்டிருக்கே, படிக்கிறவன் சிரிப்பான்" என்று கோபித்துக்கொண்டார். திருத்தம்: மூன்று முறை.

கணக்கு: 9.

மூன்றாம் நாள்: சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம்

இன்றைக்கு எங்களுக்குள் சண்டை. சண்டைக்குக் காரணம் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன்.

1932இல் அவர் எடுத்த அந்தப் படம் தெரிந்திருக்கும். தேங்கிய நீர்மேல் ஓர் ஆள் தாவுகிறார், குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரி அதே மாதிரி தாவுகிறாள். கணத்தைப் பிடித்த படம் என்றால் இதுதான் என்று நான் பள்ளி நாளிலிருந்து நம்பி வந்தவள்.

அந்த இடம் ப்ளாஸ் த லூரோப். தண்டவாளங்களின் மேல் போட்ட பெரிய பாலம். ஆறு தெருக்கள் வந்து கூடுகின்றன, லண்டன், வியன்னா, மாட்ரிட் என்று எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய நகரங்களின் பெயர். மோனே இந்தப் பாலத்தைத் தீட்டியிருக்கிறார், கையிபோத் தீட்டியிருக்கிறார். இப்போது எங்கு பார்த்தாலும் சுவரும் கம்பி வலையும். படத்திலிருக்கும் குட்டை கிடையாது, ஏணி கிடையாது. ஜூலை வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கிறது.

மாமா வலையைத் தடவிக்கொண்டே பாலத்தின் முழு நீளமும் நடந்தார். எதைத் தேடுகிறார் என்று கேட்டேன்.

"லென்ஸ் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை."

அங்கேதான் ஆரம்பித்தது. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அன்று பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்தார். இடுக்கு லென்ஸுக்கே சரியாக இருந்தது, கண்ணால் பார்க்க இடமில்லை. ஆள் தாவுவதைத் தான் பார்க்கவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பலகை மறைத்த இடது பக்கத்தை வெட்டித்தான் பிரிண்ட் போட்டார். படத்தை வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர், அவர் வெட்டிய சொற்ப படங்களில் இது ஒன்று.

இது எனக்கும் தெரியும். ஆனால் மாமா வாயால் கேட்டபோது எரிச்சல் வந்தது.

"அதிர்ஷ்டம்னு சொல்றீங்களா மாமா?"

"அதிர்ஷ்டம்னு யாரு சொன்னா? வேலின்னா தள்ளிப் போயிடாம அங்கயே கேமராவ நுழைச்சுக்கிட்டு நின்னாரே. அதுதான் வேலை. தாவறது அந்த ஆளோட வேலை."

நானோ, அது உள்ளுணர்வு, பயிற்சி, கை தானாக அமுக்கும் என்று ஏதேதோ பேசினேன். அவர் நாற்பது வருடத்தில் எத்தனை தாலி கட்டும் கணங்களைப் பிடித்தார் என்று கேட்டேன். ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லையாம். எப்படி என்றால், கட்டப்போகும்முன் ஐயரிடம் போய் "சாமி, நான் தலையாட்டினதும் குடுங்க" என்று சொல்லிவைத்துவிடுவாராம்.

அதன்பிறகு நான் பேசவில்லை. மெட்ரோவில் இருவரும் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

கணக்கு: 13. ஓட்டை கிடைக்கவில்லை, வலையையே எடுத்திருக்கிறார்.

நான்காம் நாள்

மழை. எனக்குக் கால் வலி. மாமா குடையோடு புறப்பட்டுவிட்டார்: "அங்க இன்னிக்குத் தண்ணி தேங்கியிருக்கும்."

நனைந்து திரும்பினார். தேங்கியதாம். யாரும் தாவவில்லையாம், எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்களாம். கணக்கு: 14.

ஐந்தாம் நாள்: நகர மண்டபத்தின் முன்

ரொபேர் துவானோ 1950இல் இங்கே எடுத்த முத்தப் படம் பாரிஸின் முகவரி மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒரு காபிக் கடை வாசலில் இருந்தார், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தோள் படத்தில் மங்கலாகத் தெரியும். கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, நடுவே ஓர் இளைஞன் பெண்ணின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு முத்தமிடுகிறான். பின்னால் மங்கலாக ஒத்தெல் த வில், நகர மண்டபம்.

அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காக எடுத்தது. வந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1986இல் சுவரொட்டியாக அச்சிட்டதும் உலகமெங்கும் படுக்கையறைச் சுவர்களில் ஏறியது. அப்போதுதான் அது நாங்கள்தான் என்று ஒரு தம்பதி கிளம்பினார்கள், வழக்கும் போட்டார்கள். துவானோ உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று: அது ஏற்பாடு செய்து எடுத்த படம். அவர்கள் இருவரும் நாடகப் பள்ளி மாணவர்கள், உண்மையிலேயே காதலர்கள். தெருவில் முத்தமிட்டதைப் பார்த்து, மறுபடி செய்ய முடியுமா என்று கேட்டு, இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி எடுத்தார். அந்தப் பெண், பின்னாளில் பிரான்சுவாஸ் போர்னே, தனக்கும் பங்கு வேண்டும் என்று வழக்கு போட்டுத் தோற்றார். துவானோ அன்று கொடுத்திருந்த பிரிண்டை மட்டும் வைத்திருந்தார். 2005இல் ஏலத்தில் அது 1,55,000 யூரோவுக்குப் போனது. காதல் சில மாதங்களிலேயே முடிந்துபோயிருந்தது.

அந்த உண்மை வெளியானபோது நிறையப் பேருக்கு மனசு விட்டுப்போயிற்று. எனக்கும்தான், படித்த அன்று. இதை மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏமாத்திட்டாரா? அந்தப் பொண்ணு அந்தப் பையனக் காதலிக்கலியா?"

"காதலிச்சாங்க மாமா, ஆனா அந்த முத்தம்..."

"அப்ப நான் நாப்பது வருஷம் எடுத்ததெல்லாம் பொய்யா? பொண்ண மாப்பிள்ளை பக்கமா சாயச் சொல்லி, மோவாயத் தூக்கச் சொல்லி, சிரிங்கன்னு சொல்லி... அந்த ஆல்பத்தத்தான் அவங்க பேரப் பசங்களுக்குக் காட்டறாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு இன்னொரு கதை சொன்னேன், அது அவர் பக்கமே சாய்ந்தது. இப்போலித் பயார் என்று ஒரு அரசு ஊழியர். டாகேர் காலத்திலேயே காகிதத்தில் படம் பிடிக்கும் வழியைக் கண்டவர். அரசாங்கம் டாகேருக்கு ஓய்வூதியம் கொடுத்துக் கொண்டாடியது, பயாரைக் கண்டுகொள்ளவில்லை. 1840இல் அவர் சட்டையில்லாமல் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடித் தன்னையே ஒரு படம் எடுத்தார். பின்பக்கத்தில், இது பயாரின் பிணம், அரசாங்கம் கைவிட்டதால் தண்ணீரில் விழுந்து செத்தான் என்ற பொருளில் எழுதிவைத்தார். உயிரோடு இருந்தார், இன்னும் நாற்பத்தேழு வருடம்.

மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். "முதல் போஸே மொய் வராத கோவத்துல குடுத்த போஸா!"

அப்போது ஓர் இளம் ஜோடி போனை நீட்டியது, அதே மாதிரி ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று. சதுக்கத்தில் எந்த நேரமும் இப்படி நாலு ஜோடி நிற்கிறது. நான் வாங்கப் போனேன், மாமா முந்திக்கொண்டார். போனை இரண்டு கையாலும் பிடித்து, சூரியனைப் பார்த்து, அவர்களை நாலடி தள்ளி நிறுத்தினார். பையனின் முதுகுப்பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கச் சைகை காட்டினார். பிறகு தமிழில், உரத்த குரலில்:

"ஆடாம நில்லுங்க!"

அவர்களுக்கு எப்படிப் புரிந்ததோ, நின்றார்கள். முத்தம் முடிந்தபின்னும் அவர் கையை இறக்கும்வரை அப்படியே நின்றார்கள். படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் மாமாவைக் கட்டிக்கொண்டாள். அடுத்து ஒரு குடும்பம் வந்தது, அடுத்து இன்னொரு ஜோடி. முக்கால் மணி நேரம் நான் முதுகுப்பைகளைச் சுமந்துகொண்டு நின்றேன்.

கணக்கு: 19. இதில் ஒன்று அந்த முதல் ஜோடி, அனுமதி கேட்டு எடுத்தார்.

ஆறாம் நாள்: மெதோன்

பாரிஸின் ஓரத்திலுள்ள ஊர், ரயிலில் அரைமணிக்குள். உயரமான பழைய ரயில் பாலம், அதன் வளைவுகளுக்கு அடியில் சரிந்து இறங்கும் தெரு. 1928இல் ஆந்த்ரே கெர்த்தேஸ் இங்கே எடுத்த படத்தில், பாலத்தின் மேல் நீராவி ரயில் போகிறது. கீழே தெருவில் தொப்பி போட்ட ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய தட்டையான பொட்டலத்தோடு நம்மை நோக்கி வருகிறார். பொட்டலத்துக்குள் என்ன என்று இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கெர்த்தேஸ் ஹங்கேரிக்காரர், பாரிஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதே தெருவை அவர் முன்பும் எடுத்திருக்கிறார், அந்த நெகடிவில் ரயிலும் இல்லை, பொட்டலக்காரரும் இல்லை. அதாவது, திரும்பி வந்திருக்கிறார்.

அதைக் கேட்டதும் மாமாவுக்கு கெர்த்தேஸைப் பிடித்துவிட்டது. சுவரோரமாக இடம் பார்த்து, ஃபோகஸை வைத்து, நின்றுவிட்டார்.

ரயில் வந்தது, தெருவில் ஆளில்லை. ஆள் வந்தார், ரயில் இல்லை. மறுபடி ரயில், ஆனால் குப்பை லாரி குறுக்கே. ஒரு மூதாட்டி தள்ளுவண்டியோடு போகும்போது எங்களைப் பார்த்தார், அரைமணி கழித்துத் திரும்பும்போதும் பார்த்தார். மாமா பாலத்தைக் காட்டி, கையால் ரயில் மாதிரி செய்து, இரண்டு விரலை நடக்கவிட்டுக் காட்டினார். அவர் தலையசைத்து, எங்கள் பக்கத்தில் வந்து நின்று, தானும் பாலத்தைப் பார்க்கத் தொடங்கினார். மூவரும் அண்ணாந்து நின்றோம். ரயில் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணி நேரம். நான் போனைத் தூக்கித் தூக்கிக் கை சோர்ந்துபோனேன்.

அப்புறம் அது நடந்தது. தெருவின் மேல்முனையிலிருந்து ஒரு பெண், இருபது வயதிருக்கும், முதுகில் செல்லோ வாத்தியப் பெட்டியைச் சுமந்தபடி இறங்கி வந்தாள். ஆளைவிடப் பெட்டி உயரம். பாலத்தின் மேல் தடதடவென்று ரயில். அவள் தெரு நடுவில், வெயிலில், ரயில் அவள் தலைக்கு நேர் மேலே. நான் ஏதோ அமுக்கினேன். மாமா பக்கம் திரும்பினால், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேமராவை வயிற்றோடு அணைத்து, லீவரை இழுத்துக்கொண்டிருந்தார். முந்தின ரயிலுக்கு எடுத்தபின் இழுத்துவைக்க மறந்திருக்கிறார்.

அவர் நிமிர்ந்தபோது ரயிலின் வால் போய்க்கொண்டிருந்தது.

செல்லோப் பெண் எங்களைக் கடந்து "பொஞ்ஜூர்" சொல்லிவிட்டுப் போனாள். எனக்கே தாங்கவில்லை. "கூப்பிடட்டுமா மாமா? மறுபடி நடக்கச் சொல்லலாம். நீங்கதானே அது தப்பில்லன்னீங்க."

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"அவள கூப்பிடலாம். ரயிலை யாரு கூப்பிடறது?"

கணக்கு: 28.

ஏழாம் நாள்: லேகாக், இங்கிலாந்து

கடலுக்கு அடியில் ரயிலில் லண்டன், அங்கிருந்து சிப்பனம், அங்கிருந்து டாக்சி. ஃபிலிம் உள்ளே இருக்கிறது, கையால் பாருங்கள் என்று மறுபடி ஒரு நாடகம்.

லேகாக் அபே பழைய கன்னியர் மடம், பிறகு டால்பட் குடும்பத்து மாளிகை. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்குப் படம் வரைய வராது. 1833இல் புது மனைவியோடு கோமோ ஏரிக்குப் போனபோது, அழகான ஏரியை வரையக் கருவியெல்லாம் வைத்துக்கொண்டும் கை வரவில்லை. இந்தக் காட்சி தானே காகிதத்தில் பதிந்தால் என்ன என்று நினைத்தார். தச்சர்கள் செய்துகொடுத்த குட்டிக் குட்டிப் பெட்டிகளை வீட்டைச் சுற்றி ஆங்காங்கே வைத்தார். மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றை எலிப்பொறிகள் என்றார். 1835 ஆகஸ்டில் ஒரு பொறியில் ஜன்னல் விழுந்தது. தபால்தலை அளவு காகிதம். கண்ணாடிச் சதுரங்கள் ஏறக்குறைய 200, லென்ஸ் வைத்தால் எண்ணலாம் என்று பக்கத்திலேயே குறித்து வைத்தார். இன்றும் இருக்கும் மிகப் பழைய நெகடிவ் அது.

தெற்குக் கூடத்தில் அந்த ஜன்னல் அப்படியே இருக்கிறது. நியெப்ஸின் ஜன்னல் நகர்ந்துவிட்டது, டாகேரின் ஜன்னல் எரிந்துவிட்டது, இது மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. மாமா எண்ணத் தொடங்கினார். மூன்றாவது வரிசையில் யாரோ குறுக்கே வந்ததால் விட்டுவிட்டார்.

"டாகேர் கிட்ட ஒரு தகடுதான். தொலைஞ்சா போச்சு. இவர்தான் நம்ம ஆளு. நெகடிவ் இருக்கு, எப்ப வேணா பிரிண்ட் வாங்கிக்கலாம்."

ஸ்டுடியோவில் இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வார். நெகடிவ் என்ற பெயரே ஜான் ஹெர்ஷல் இட்டது, டால்பட்டின் நண்பர். படம் கறுத்துப் போகாமல் நிலைநிறுத்தும் ஹைப்போவைச் சொல்லித் தந்தவரும் அவரே. ஹைப்போ என்றதும் மாமா உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். நாற்பது வருட நாற்றம் இன்னும் போகவில்லை என்பார்.

கூடம் இருட்டு. சுவரில் முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கி, எட்டில் ஒரு செகண்டில் ஜன்னலை எடுத்தார். கணக்கு: 36. முடிந்தது என்று நினைத்தேன். லீவர் அப்போதும் தடையில்லாமல் வந்தது.

"சில ரோல்ல ஒண்ணு ரெண்டு கூட வரும்" என்றார். அது உண்மைதான். வெளியே புல்வெளியில் என்னை நிறுத்தி 37. சிப்பனம் நிலையத்தில், பெஞ்சில் தூங்கும் ஒரு சிறுவன், 38. ரயிலில் ஏறி உட்கார்ந்தபின் லீவரை மறுபடி இழுத்தார். வந்தது. 39.

அதற்கப்புறம் பேசவில்லை. ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டாமல் போனால் எண் மட்டும் ஓடும், ஃபிலிம் நகராது, இது எனக்கே தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். இடப்பக்கக் குமிழை லேசாகத் திருகினால் போதும், இழுத்துப் பிடிக்கிறதா சும்மா சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். மாமா கட்டைவிரலைக் குமிழின் மேல் வைத்திருந்தார். திருகவில்லை. ஸ்விண்டன் வந்தது, ரெடிங் வந்தது. கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"மெதோன்ல அந்தப் பெட்டிப் பொண்ணு வந்தப்ப நீ எடுத்தியா?"

"எடுத்தேன் மாமா."

"காட்டு."

தேடி எடுத்தேன். பாலம், ரயில், செல்லோப் பெண். வலது ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேமராவின் மேல் கவிழ்ந்திருக்கும் மாமா. போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், விரலால் பெரிதாக்கி, பெண்ணைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார். லண்டன் வரும்வரை போன் அவரிடமே இருந்தது.

"மேல எடம் ரொம்ப விட்டுட்ட" என்று திருப்பிக் கொடுத்தார்.